ஒரு படம், மூன்று கேள்விகள்

இணையவழி ஒளிப்பட விற்பனையை வைத்து ஒரு வகுப்பறைப் பாடம்

பள்ளிக் கணினி ஆய்வகங்களில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கணினி இயங்கத் தொடங்கியதும் திரையில் ஒரு பச்சைக் குன்று தெரியும். அதன் மேல் நீல வானம், பஞ்சுப் பொதியாய் வெண்மேகங்கள். அது கணினியில் வரைந்த ஓவியம் என்று நினைத்தவர்கள் பலர். உண்மையில் அது ஒளிப்படம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சொனோமா மாவட்டச் சாலை ஒன்றின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, 1996 ஜனவரியில் சார்லஸ் ஓரியர் என்ற ஒளிப்படக் கலைஞர் எடுத்தது.

அந்தப் படத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவரிடம் சொல்லி எடுக்கச் சொல்லவில்லை. அவர் தம் விருப்பத்துக்கு எடுத்து, படங்களைச் சேர்த்து வைத்து விற்கும் முகமை ஒன்றிடம் கொடுத்திருந்தார். 2000-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் அதைத் தேர்ந்தெடுத்து முழு உரிமையையும் வாங்கிக்கொண்டது. விலை எவ்வளவு என்பது இன்றுவரை வெளியிடப்படவில்லை. படச்சுருளின் மதிப்பைக் கேட்ட கூரியர் நிறுவனங்கள் பொறுப்பேற்கத் தயங்கியதால், ஓரியரே விமானத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இப்படி யாரோ ஒருவர் எப்போதோ வாங்குவார் என்று முன்கூட்டியே எடுத்துச் சேர்த்து வைக்கப்படும் படத்துக்கு ‘ஸ்டாக் போட்டோ’ என்று பெயர். தமிழில் ‘இருப்புப் படம்’ எனலாம். மளிகைக் கடைக்காரர் சரக்கு இருப்பு வைப்பது போலத்தான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கடையில் அரிசியை விற்றால் மூட்டை குறையும். இங்கே ஒரே படத்தை ஆயிரம் பேருக்கு விற்றாலும் இருப்பு குறைவதில்லை. காரணம், பெரும்பாலும் அங்கே கைமாறுவது படம் அன்று. படத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி. இந்த ஒரு கருத்தை மாணவர்களுக்குப் புரிய வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை ஏன் வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும்?

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவர்களில் பலருக்குக் கைப்பேசியில் படமெடுக்க நன்றாகத் தெரியும். ‘கைப்பேசியில் எடுத்த படத்தை விற்று மாதந்தோறும் சம்பாதிக்கலாம்’ என்னும் காணொளிகளும் அவர்களை எட்டுகின்றன. ‘சார், இது உண்மையா?’ என்று கேட்கும் மாணவருக்கு ‘அதெல்லாம் ஏமாற்று வேலை’ என்று சொல்லி அனுப்புவதும் சரியில்லை. ‘முயன்று பார்’ என்று தட்டிக்கொடுத்து விடுவதும் சரியில்லை. அந்தத் தொழில் உண்மையானது. அதில் வருமானம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, எவரெவருடைய உரிமை அதில் கலந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு மாணவர் தாமே முடிவெடுக்கட்டும்.

இன்னொரு காரணம் நம்மைப் பற்றியது. ஆசிரியர்களின் கைப்பேசிகளில் மாணவர்களின் முகங்கள் நிறைந்திருக்கின்றன. ஆண்டு விழா, விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, காலை வழிபாட்டுக் கூட்டம் என எல்லாவற்றையும் படமெடுக்கிறோம், குழுக்களில் பகிர்கிறோம். அந்தப் படங்களில் யாருக்கு என்ன உரிமை என்பது நமக்கும் தெளிவாக இருக்க வேண்டும்.

பாடத்தை மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளலாம். படத்தை எடுத்தவர் யார்? படத்தில் இருப்பவர் யார்? எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி? எந்தப் படத்தைப் பார்த்தாலும் இந்த மூன்றையும் கேட்கும் பழக்கம் மாணவர்க்கு வந்துவிட்டால் பாடம் வெற்றி. 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு மூன்று பாடவேளைகள் போதும்.

சுருக்கமான வரலாறு

இந்தத் தொழில் இணையத்தோடு பிறந்ததன்று. 1920-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எச். ஆம்ஸ்ட்ராங் ராபர்ட்ஸ் இத்தகைய முகமை ஒன்றைத் தொடங்கினார். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்கா வந்த ஓட்டோ பெட்மன், தாம் சேகரித்த படங்களைக் கொண்டு 1936-இல் நியூயார்க்கில் ஒரு படக் காப்பகத்தை நிறுவினார். பத்திரிகைகளும் நூல் வெளியீட்டாளர்களும் அங்கே படம் தேடி வந்தார்கள். அந்தக் காப்பகத்தை 1995-இல் பில் கேட்ஸ் தொடங்கிய கார்பிஸ் நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டில்தான் மார்க் கெட்டியும் ஜோனதன் கிளைனும் லண்டனில் கெட்டி நிறுவனத்தைத் தொடங்கினர்.

அக்காலத்தில் முகமைக்குப் படம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தொழில்முறைக் கலைஞர்கள். ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை வைக்கப்படுவது இயல்பு. 2000-இல் கனடாவின் கால்கரி நகரில் புரூஸ் லிவிங்ஸ்டன் தொடங்கிய ஐஸ்டாக்போட்டோ இந்த நிலையை மாற்றியது. முதலில் கலைஞர்கள் தங்களுக்குள் இலவசமாகப் படம் பரிமாறிக்கொள்ளும் இடமாக இருந்த அது, பிறகு மிகக் குறைந்த கட்டணம் வாங்கத் தொடங்கியது. 2003-இல் ஜான் ஒரிங்கர் தாமே எடுத்த ஏறத்தாழ 30,000 படங்களைக் கொண்டு ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கி, சந்தா முறையைக் கொண்டுவந்தார். 2006-இல் ஐஸ்டாக்போட்டோவை 5 கோடி டாலருக்குக் கெட்டி வாங்கியது. 2015-இல் ஃபோட்டோலியா என்னும் முகமையை வாங்கிய அடோபி நிறுவனம், அவ்வாண்டே அடோபி ஸ்டாக்கைத் தொடங்கியது.

இந்த மாற்றத்தால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. கேமரா வைத்திருக்கும் யாரும் உலகச் சந்தைக்குள் நுழைய முடிந்தது. அதே வேளையில் படங்கள் கோடிக்கணக்கில் குவிந்து, ஒரு படத்துக்குக் கிடைக்கும் தொகை சில சென்ட்டுகளாகச் சுருங்கியது. பொருளியல் ஆசிரியர்கள் அளிப்புக்கும் விலைக்கும் உள்ள தொடர்பை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதல் கேள்வி: படத்தை எடுத்தவர் யார்?

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒளிப்படத்தைக் கலைப்படைப்பாகக் கருதுகிறது. படத்தை எடுத்தவரே அதன் படைப்பாளர். உரிமையைப் பெறப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. முன்பு ஒளிப்படத்துக்கான உரிமைக்காலம் படம் வெளியான ஆண்டிலிருந்து கணக்கிடப்பட்டது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மற்றக் கலைப்படைப்புகளைப் போலவே படைப்பாளரின் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் என்று ஆகிவிட்டது.

எடுத்தவரே எப்போதும் உரிமையாளராக இருப்பார் என்றும் சொல்லிவிட முடியாது. ஒருவர் பணம் கொடுத்து, தமக்காகப் படமெடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே என்று சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆண்டு விழாவுக்குப் பள்ளி பணம் கொடுத்து அழைத்த ஒளிப்படக்காரர் எடுத்த படங்களும் இந்த விதிக்குள் வரும். பணி நிமித்தம் ஊழியர் எடுக்கும் படங்களுக்கு அவரை அமர்த்தியவர் உரிமையாளராகும் விதியும் அதே பிரிவில் உண்டு. ஆகவே பள்ளிப் பணியின் ஒரு பகுதியாக நாம் எடுத்த படத்தை ‘என் கைப்பேசியில் இருக்கிறது, ஆகவே என்னுடையது’ என்று சொல்லிவிட முடியாது.

மாணவர் எடுத்த படத்துக்கு மாணவரே படைப்பாளர். அதற்கு வயது ஒரு தடையன்று. பள்ளி மலரில் மாணவர் எடுத்த படத்தை வெளியிடும்போது அவரைக் கேட்டுவிட்டு, பெயரையும் அச்சிடுவது நாம் கற்றுத்தரக்கூடிய முதல் பாடம்.

இங்கே வகுப்பைச் சூடாக்க ஒரு வழக்கைச் சொல்லலாம். 2011-இல் இந்தோனேசியாவில் டேவிட் ஸ்லேட்டர் என்ற ஒளிப்படக் கலைஞரின் கேமராவைக் கொண்டு ஒரு குரங்கு தன்னையே படமெடுத்துக்கொண்டது. அந்தப் படம் யாருக்குச் சொந்தம்? குரங்கின் சார்பில் அமெரிக்காவில் வழக்கே நடந்தது. அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் விலங்கு வழக்காட முடியாது என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர்களை இரு அணியாகப் பிரித்து வாதிடச் சொன்னால் நேரம் போவதே தெரியாது.

இரண்டாம் கேள்வி: படத்தில் இருப்பவர் யார்?

எடுத்தவருக்குப் பதிப்புரிமை இருந்தாலும், படத்தில் அடையாளம் தெரியும் மனிதரைக் கேட்காமல் அதை விளம்பரத்துக்கு விற்க முடியாது. இதற்காக முகமைகள் எழுத்து வடிவில் ஒப்புதல் படிவம் கேட்கின்றன. படத்தில் இருப்பவர் கையொப்பமிட வேண்டும். 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கையொப்பமிட வேண்டும். ‘சிரித்துக்கொண்டே நின்றார், ஆகவே சம்மதம்தான்’ என்பது செல்லாது.

கையொப்பம் இட்ட பிறகு என்ன ஆகும் என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஹங்கேரி நாட்டு மின்பொறியாளர் ஆண்ட்ராஷ் அராட்டோ தம் சுற்றுலாப் படங்களைச் சமூக வலைத்தளத்தில் போட்டிருந்தார். அவற்றைப் பார்த்த ஒளிப்படக் கலைஞர் ஒருவர் அழைத்து, இருப்புப் படங்களுக்காக அவரை எடுத்தார். பிறகு ஒருநாள் அராட்டோ இணையத்தில் தேடியபோது, மருத்துவமனை ஒன்றின் தளத்தில் தாம் மருத்துவராக இருப்பதைக் கண்டார். இன்னும் சிறிது காலத்தில் அவருடைய முகம் உலகெங்கும் கேலிப்படங்களில் வந்தது. வலியை மறைத்துச் சிரிப்பவர் என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். தொடக்கத்தில் சங்கடப்பட்ட அவர், பின்னாளில் அதை ஏற்றுக்கொண்டு மேடைகளிலும் பேசினார். அவர் வயது முதிர்ந்தவர். விவரம் தெரிந்தே சம்மதித்தவர். அவருக்கே தம் முகம் எங்கே போகிறது என்பது கைக்குள் நிற்கவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு குழந்தையின் முகம் இப்படிப் போனால் என்ன ஆகும் என்று மாணவர்களையே கேளுங்கள். விடை அவர்களிடமிருந்தே வரும்.

நம் குழந்தைகளின் படங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காலில் செருப்பில்லாத ஒரு சிறுமி மதிய உணவுத் தட்டோடு நிற்கும் படம் ‘வறுமை’ என்னும் தேடுசொல்லோடு விற்பனைக்குப் போகலாம். அந்தச் சிறுமி அன்று விளையாடும்போது செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அவள் வளர்ந்த பிறகும் அந்தப் படம் எங்கோ ஒரு நன்கொடை விளம்பரத்தில் அவள் முகத்தோடு நிற்கும்.

மனிதர் மட்டுமன்று, பொருளுக்கும் கட்டடத்துக்கும் ஒப்புதல் தேவைப்படுவதுண்டு. பாரிஸின் ஈபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்த படத்தை விற்கத் தடையில்லை. இரவில் ஒளிரும் அதன் விளக்கு அமைப்பு தனியாக உரிமை பெற்ற படைப்பு என்பதால், வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி வேண்டும். அதுபோல நிறுவனச் சின்னம் தெரியும் புத்தகப்பை, பிறர் வரைந்த சுவரோவியம், புத்தக அட்டை ஆகியவை படத்தில் முதன்மையாக இருந்தால் முகமை அதை வணிகப் பிரிவில் ஏற்காது.

மூன்றாம் கேள்வி: எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி?

முகமைகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘ராயல்டி ஃப்ரீ’. இதை ‘இலவசம்’ என்று தவறாகப் புரிந்துகொள்பவர்கள் மிகப் பலர். ஒருமுறை கட்டணம் செலுத்திவிட்டால், உரிமத்தின் வரம்புக்குள் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். வரம்பு உண்டு என்பது முக்கியம். எடுத்துக்காட்டாக, ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டின் சாதாரண உரிமத்திலும் 5,00,000 அச்சுப்படிகள் வரை பயன்படுத்தலாம். அதற்கு மேலோ, சட்டை, கோப்பை போன்ற விற்பனைப் பொருள்களில் அச்சிடவோ கூடுதல் உரிமம் வாங்க வேண்டும்.

மற்றொரு பிரிவு செய்திப் பயன்பாடு. ஒப்புதல் படிவம் இல்லாத கூட்டம், திருவிழா, ஊர்வலப் படங்கள் இதில் ஏற்கப்படும். செய்தித்தாளிலோ கல்வி நூலிலோ இடம்பெறலாம். விளம்பரத்தில் இடம்பெறக் கூடாது. தேரோட்டப் படத்தைச் செய்தியில் வெளியிடுவதற்கும், அதே படத்தை எண்ணெய் விளம்பரத்தில் போடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கட்டணமில்லாத படங்களும் உண்டு. 2001-இல் தோன்றிய கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு, படைப்பாளர் தாமே முன்வந்து அனுமதி வழங்கப் பொதுவான உரிமங்களை வகுத்தது. விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் இத்தகைய படங்கள் ஏராளம். சில உரிமங்கள் படைப்பாளர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்கின்றன. சில, நாம் உருவாக்குவதையும் அதே உரிமத்தில் பகிரச் சொல்கின்றன. சில, வணிகப் பயன்பாட்டைத் தடுக்கின்றன. படத்தின் கீழே உள்ள அந்த இரண்டு வரிகளைப் படிக்காமல் பதிவிறக்கக் கூடாது என்று பழக்க வேண்டும். தேடுபொறியில் வந்துவிட்டது என்பதாலேயே ஒரு படம் இலவசமாகிவிடாது.

பொதுவுடைமையாக்கிய படத்தைத் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்விக்கும் ஒரு வழக்கு விடை சொல்கிறது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் கரோல் ஹைஸ்மித் தம் படங்களை அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்துக்கு வழங்கி, மக்கள் தடையின்றிப் பயன்படுத்த விட்டுவிட்டார். பிறகு, அவருடைய சொந்தப் படத்தைப் பயன்படுத்தியதற்கு 120 டாலர் கேட்டு, ஒரு முகமையின் சார்பில் அவருக்கே கடிதம் வந்தது. 2016-இல் அவர் வழக்குத் தொடுத்தார். பதிப்புரிமை அடிப்படையிலான அவருடைய கோரிக்கைகளை நீதிமன்றம் ஏற்கவில்லை. கொடை பெரியது. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை எழுதிக்கொடுக்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களுக்குச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை மறுபடி செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. வகுப்பில் காட்டுவதற்கு இது உதவும். அதே படத்தைக் காணொளித் தளத்தில் ஏற்றுவதும், அச்சிட்டு விற்கும் பயிற்சி நூலில் சேர்ப்பதும் இந்தச் சலுகைக்குள் அடங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

எவ்வளவு கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாணவர்கள் மிகவும் எதிர்பார்ப்பது இந்தப் பகுதியைத்தான். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் முதல் ஒளிப்படங்களுக்கு ஆறு நிலைகளில் பங்கு தருகிறது. ஓர் ஆண்டில் 100 பதிவிறக்கம் வரை 15 விழுக்காடு. 250 வரை 20. 500 வரை 25. 2,500 வரை 30. 25,000 வரை 35. அதற்கு மேல் 40. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று எல்லாரும் மீண்டும் முதல் நிலைக்கே வந்துவிடுவார்கள். ஒரு பதிவிறக்கத்துக்குக் குறைந்தபட்சம் 10 சென்ட். அடோபி ஸ்டாக்கில் ஒளிப்படத்துக்கு 33 விழுக்காடு. கணக்கில் 25 டாலர் சேர்ந்த பிறகே பணத்தை எடுக்க முடியும். இவை மாறக்கூடியவை, பாடம் நடத்தும் முன் அந்தந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு 1: ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் 10 சென்ட் மட்டுமே கிடைத்தால் 25 டாலர் சேர எத்தனை பதிவிறக்கம் வேண்டும்? விடை: 250.

கணக்கு 2: ஒருவருடைய படங்கள் மாதத்துக்கு 12 முறை பதிவிறக்கம் ஆகின்றன. 10 சென்ட் வீதம் மாதம் 1.20 டாலர். 25 டாலர் சேர எத்தனை மாதம்? விடை: 21 மாதம், அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டு.

கணக்கு 3: 2 டாலர் விலையுள்ள ஒரு விற்பனையில் 15 விழுக்காடு பெறுபவருக்கும் 40 விழுக்காடு பெறுபவருக்கும் எவ்வளவு வேறுபாடு? விடை: 30 சென்ட், 80 சென்ட், வேறுபாடு 50 சென்ட்.

கணக்கு 4: வாங்குபவர் அமெரிக்காவில் இருந்தால் அந்த வருமானத்துக்கு அங்கே வரிப்பிடித்தம் உண்டு. பொதுவான விகிதம் 30 விழுக்காடு. டபிள்யூ-8 பென் என்னும் படிவத்தை நிரப்பிய இந்தியருக்கு, இரு நாட்டு வரி உடன்பாட்டின்படி ராயல்டிக்கு 15 விழுக்காடு. 40 டாலர் வருமானத்தில் படிவம் நிரப்பியவர் எவ்வளவு மிச்சப்படுத்துவார்? விடை: 6 டாலர்.

இந்த நான்கு கணக்குகளைப் போட்ட மாணவருக்கு ‘ஒரே மாதத்தில் இலட்சங்கள்’ என்னும் விளம்பரத்தின் நிறம் தெரிந்துவிடும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்லுங்கள். மேற்சொன்ன முகமைகள் படம் கொடுப்பவரிடம் சேர்க்கைக் கட்டணம் வாங்குவதில்லை. ‘முதலில் இவ்வளவு கட்டுங்கள், படத்தை நாங்கள் விற்றுத் தருகிறோம்’ என்று யாராவது கேட்டால் விலகிவிடுவதே நல்லது. மேலும், 18 வயது நிறைந்தவர்தான் கணக்குத் தொடங்க முடியும். ஏற்றும் படங்கள் தாமே எடுத்தவையாக இருக்க வேண்டும். பொய்யான வயதைக் கொடுத்துத் தொடங்கிய கணக்கில் சேர்ந்த பணத்தை, அடையாளச் சான்று கேட்கும்போது எடுக்க முடியாமல் போகலாம்.

அப்படியானால் இதில் என்ன பயன்?

பணம் குறைவு என்பதால் தொழிலே வீண் என்று முடித்துவிட வேண்டாம். இருப்புப் படம் எடுக்கப் பழகுபவர் பல திறன்களைப் பெறுகிறார். அவை பத்திரிகை, வடிவமைப்பு, விளம்பரம், ஆவணப்படம் ஆகிய துறைகளில் கைகொடுக்கும்.

முதலாவது, தரம். அடோபி ஸ்டாக்கிலும் ஷட்டர்ஸ்டாக்கிலும் படம் குறைந்தது 4 மெகாபிக்சல் இருக்க வேண்டும். இன்றைய கைப்பேசிகளுக்கு இது எளிது. ஆனால் குவியம் தவறியது, இருட்டில் எடுத்துப் புள்ளி விழுந்தது, அளவுக்கு மீறி வண்ணம் ஏற்றியது எல்லாம் திருப்பி அனுப்பப்படும். முன்பின் தெரியாத ஒருவர் நம் படத்தை மறுப்பதும், காரணத்தைப் படித்துத் திருத்தி மீண்டும் அனுப்புவதும் நல்ல பயிற்சி.

இரண்டாவது, சொல். வாங்குபவர் படத்தைக் கண்ணால் தேடுவதில்லை, சொல்லால் தேடுகிறார். ஷட்டர்ஸ்டாக்கில் ஒரு படத்துக்கு 7 முதல் 50 தேடுசொற்கள் வரை தரலாம்; அடோபியில் 49 வரை. அடோபியில் முதல் பத்துச் சொற்களுக்கு முதன்மை அதிகம். பொங்கல் பானைப் படத்துக்கு ‘பானை’ என்று எழுதினால் போதாது. மண்பானை, மஞ்சள் கொத்து, கரும்பு, கோலம், அறுவடை, தை மாதம், தமிழ்நாடு, விறகடுப்பு, காலை வெயில், குடும்பம் என்று பார்வையை விரித்து, பின் அவற்றை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்ல வேண்டும். தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய அருமையான சொற்களஞ்சியப் பயிற்சி இது.

மூன்றாவது, உள்ளூர் அறிவு. சூரிய மறைவும் ரோசாப்பூவும் உலகில் எல்லா ஊரிலும் உண்டு. அத்தகைய படங்கள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. தறியில் பாவு ஓட்டும் கை, உப்பளத்தில் பாத்தி கட்டும் மண்வெட்டி, களத்தில் காயும் மிளகாய், பனையோலை முடையும் விரல்கள் போன்றவற்றைச் சரியான பெயரோடும் சரியான விளக்கத்தோடும் தர ஊர்க்காரரால்தான் முடியும். ஓரியரின் குன்றுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1990-களில் அப்பகுதித் திராட்சைக் கொடிகளைப் பூச்சி தாக்கியதால் கொடிகளை அகற்றிவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் குன்று முழுதும் புல் முளைத்திருந்தது. பின்னர் அங்கே மீண்டும் திராட்சை பயிரிட்டார்கள். தன் ஊரின் பருவத்தை அறிந்தவர், எதை எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் அறிவார்.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்கள் பற்றியும் மாணவர்கள் கேட்பார்கள். கெட்டி நிறுவனம் 2022-இல் அத்தகைய படங்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. அடோபி ஸ்டாக், அவை அப்படி உருவானவை என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டால் ஏற்கிறது. பொதுவான கற்பனைக் காட்சிகளுக்கு ஒளிப்படத்தின் தேவை குறையலாம். உண்மையில் நடந்தது, உண்மையில் இருப்பது என்பதற்குச் சான்றாக நிற்கும் படத்தை எந்திரம் உருவாக்கித் தர முடியாது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. பாடநூல் வேட்டை: ஒரு பாடநூலில் உள்ள ஐந்து ஒளிப்படங்களைக் குழுவாகத் தேர்ந்தெடுத்து மூன்று கேள்விகளையும் கேட்டுப் பட்டியலிடுக. எதற்கு விடை தெரியவில்லையோ அதைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

2. மூன்று பெட்டிகள்: ‘விளம்பரத்துக்கு விற்கலாம்’, ‘செய்திக்கு மட்டும்’, ‘விற்கவே கூடாது’ என்று மூன்று பெட்டிகள் வைக்கவும். தாத்தாவின் கை, பேருந்து நிலையக் கூட்டம், பக்கத்து வீட்டுக் குழந்தை, நிறுவனச் சின்னம் தெரியும் தண்ணீர்ப் புட்டி, சுவரோவியம், தோட்டத்துப் பூசணி என்று துண்டுச் சீட்டுகள் எழுதி, காரணம் சொல்லிப் பெட்டியில் போடச் செய்யுங்கள்.

3. நடித்துக் காட்டுதல்: ஒருவர் ஒளிப்படக்காரர், ஒருவர் தையற்கடைக்காரர். படமெடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். கடைக்காரர் ‘முடியாது’ என்று சொன்னால் முகம் சுளிக்காமல் நன்றி சொல்லி வருவதும் இதில் ஒரு காட்சி.

4. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தைத் திறந்து, தம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு படத்தின் உரிமத்தைப் படித்து, அதை எப்படிப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்துவது என்று எழுதுக.

5. ஒப்புதல் படிவம் எழுதுதல்: தமிழில் எளிய படிவம் ஒன்றை மாணவர்களே உருவாக்கட்டும். படம் எடுப்பவர் பெயர், எடுக்கப்படுபவர் பெயர், நாள், இடம், எதற்காகப் பயன்படும், எதற்குப் பயன்படுத்தக் கூடாது, பணம் வந்தால் பங்கு உண்டா, கையொப்பம், சாட்சி ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடிதம், விண்ணப்பம் எழுதும் பாடத்தோடு இதை இணைத்துக்கொள்ளலாம்.

பள்ளியில் நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

மாணவர்களின் முகம் தெரியும் படங்களை எந்த முகமையிலும் எவரும் விற்பனைக்கு ஏற்றக் கூடாது. பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். பிள்ளையின் ஆசிரியர் கேட்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு எத்தனை பெற்றோருக்கு இருக்கும்? மறுக்க முடியாத இடத்தில் பெற்ற கையொப்பத்தை ஒப்புதல் என்று சொல்வது நியாயமாகாது.

விற்பனைக்கு அன்றி, பள்ளி நிகழ்வைப் பகிரும்போதும் கவனம் தேவை. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே வரையறுக்கிறது. குழந்தைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பதை அடிப்படை விதியாக வைத்திருக்கிறது. முகம் தெரியாமல் கைகளை, செய்த பொருளை, கரும்பலகையை எடுத்தாலே பல நிகழ்வுகளைச் சொல்லிவிட முடியும். படக்கோப்புக்குள் எடுத்த இடத்தின் குறியீடும் பதிந்திருக்கலாம். கைப்பேசி அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்தி வையுங்கள்.

ஓய்வு நேரத்தில் ஒளிப்படம் எடுக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே பலர். வயலையும் வானத்தையும் எடுத்து முகமையில் விற்க விரும்பினால், தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-ஐ ஒருமுறை படித்துவிட்டு, உயர் அலுவலரிடம் எழுத்து வழியே அனுமதி கேட்டுத் தொடங்குவது நல்லது. வரும் தொகை சிறிதானாலும் வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள்.

பாடம் முடிந்த வாரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மாணவர் ஒருவர் நண்பனைப் படமெடுக்கும் முன் ‘எடுக்கலாமா?’ என்று கேட்கிறாரா, எடுத்த பின் ‘போடலாமா?’ என்று மறுபடியும் கேட்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் வெவ்வேறு அனுமதிகள் என்பது அவருக்குப் புரிந்திருந்தால், இந்தத் தொழிலுக்குள் நாளை அவர் நுழைந்தாலும் நுழையாவிட்டாலும், பாடம் அவரிடம் சேர்ந்துவிட்டது.